வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி

நாயின் நன்றியறிதலைத் தமிழ் நூல்கள் பலபடப் பாராட்டியிருக்கின்றன. யானையின் நட்பினும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று நாலடியார் அறிவுறுத்துகின்றது. பாரதக் கதையின் முடிவில், தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுத் துறக்கம் புகுவதற்குத் தருமர் இசைந்தாரல்லர். வயிரவக் கடவுளுக்கும் நாயே வாகனம். ஆயினும், இவ்வாறு புகழப்பெற்ற நாய்கள் யாவும் வளர்ந்த நாய்களே. அவை குட்டிகளாயிருந்த காலத்தில் எத்தனை இரவுகள் அழுதன, எத்தனை செருப்புக்களைக் கடித்துக் குதறின, அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டவர் யாவர் என்பன பற்றி எந்நூலும் பேசுவதில்லை. நன்றியுள்ள நாய் பிறக்கும்போதே அக்குணத்தை முழுமையாகக் கொண்டு பிறப்பதன்று. வளர்ப்பினாலேயே அக்குணம் உருப்பெறுகின்றது. அவ்வளர்ப்பின் பெரும்பகுதி, குட்டி வீட்டுக்கு வந்த முதற் சில வாரங்களிலே நடந்து முடிந்துவிடுகின்றது.

இலங்கையின் தமிழூர்களில் நாய்க்குட்டியை விலை கொடுத்து வாங்குவோர் சிலரே. அயல்வீட்டு நாய் குட்டி போட்டுவிட்டது என்ற செய்தி கிடைத்ததும், பிள்ளைகள் ஓடிச் சென்று பார்ப்பர். கடுவன் குட்டிகளுள் கொழுகொழுவென்றிருக்கும் ஒன்றைத் தெரிந்து, அது தமக்கே உரியதென்று சொல்லி வைப்பர். அக்குட்டி கண் விழித்துத் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியவுடன், அதனைக் கடகத்திலோ சைக்கிட் கூடையிலோ வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவர். முதற் பிழை இங்கேயே நிகழ்கின்றது. அது காலத்துக்கு முந்திய பிரிவு.

குட்டி பிறக்கும்போது அதன் கண்ணும் காதும் மூடியிருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்திற் கண் திறக்கும். மூன்றாவது வாரத்திற் காது கேட்கத் தொடங்கும். அவ்வாரமளவிலேயே பாற்பற்களும் முளைக்கத் தொடங்கும். அதன்பின் வரும் ஐந்து வாரங்களும் அதற்குப் பள்ளிக்கூட வாரங்கள் போன்றவை. உடன்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரளும்போது, அளவுக்கு மிஞ்சிக் கடித்தால் மற்றக் குட்டி கத்திக்கொண்டு விளையாட்டை விட்டு விலகிவிடுகின்றது. முலைக்காம்பிற் பல் பதிந்தால் தாய் உறுமிக்கொண்டு எழுந்துவிடுகின்றது. இவற்றால், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்னும் பாடத்தைக் குட்டி கற்றுக்கொள்கின்றது. நான்காவது வாரத்திலேயே பிரித்தெடுக்கப்பட்ட குட்டி இப்பாடத்தைக் கல்லாமலே வருகின்றது. பின்னர் அதனை வீட்டுச் சிறுவரின் கைகால்களிற் கற்க வேண்டியதாகின்றது. ஆதலின், 8 வாரம் நிரம்பும் வரை குட்டியைத் தாயிடத்தே விட்டுவைத்தல் வேண்டும். பிள்ளைகள் அதுவரை நாள்தோறும் சென்று அதனைத் தூக்கியும் தடவியும் பழகலாம். அஃது இரு சாராருக்கும் நன்மையே தரும்.

இனி, உரிய வயதில் ஒரு குட்டியைக் கொண்டுவந்த வீடொன்றை மனத்திற் கொள்ளலாம். தந்தை கந்தோருக்குச் செல்பவர். தாய் வீட்டுக் கருமங்களைப் பார்ப்பவர். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கின்றான். அவனுடைய ஆச்சியும் உடன் வாழ்கின்றார். பகலெல்லாம் குட்டி எல்லோருடைய கைகளிலும் மாறி மாறித் தவழ்ந்தது. இரவு வந்ததும், குசினிக்குப் பின்புறத்தே ஒரு சாக்கை விரித்து, அதிலே குட்டியைக் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் படுக்கச் சென்றனர். சற்று நேரத்தில் அழுகை தொடங்கியது. நள்ளிரவாகியும் அது ஓயவில்லை. மறுநாட் கந்தோருக்குப் போக வேண்டிய தந்தை தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆச்சி அவரைத் தடுத்தார். "அடியாதை மோனை, அது தாயைத் தேடுது" என்றார்.

ஆச்சியின் சொல்லில் விஞ்ஞானமும் மறுக்காத உண்மை இருக்கின்றது. பிறந்த நாள் முதல் அக்குட்டி தனியே உறங்கியதில்லை. தாயின் வெப்பமும், உடன்பிறந்தவற்றின் மூச்சொலியும், பழகிய மணமும் ஒரே நாளில் இல்லாமற்போயின. கூட்டமாக வாழும் விலங்கின் குஞ்சு தனித்துவிடப்பட்டால், தான் இருக்குமிடத்தைத் தாய்க்கு அறிவிப்பதற்காகக் குரலெடுத்து அழுவது அதன் இயற்கை. அழுத குட்டியை அடித்தால் அஃது அழுகையை மறப்பதில்லை. மனிதனுடைய கையே நோவைத் தரும் பொருள் என்பதைத்தான் கற்றுக்கொள்கின்றது.

இதற்குப் பரிகாரம் எளியது. குட்டியைக் கொண்டுவரும்போதே, தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டையும் கொண்டுவருதல் வேண்டும். குட்டி கவிழ்க்கவியலாத ஒரு மரப்பெட்டியில் அத்துண்டை விரித்து, இளஞ்சூடான நீர் நிறைத்து இறுக மூடிய போத்தலொன்றைத் துணியிற் சுற்றி ஓரத்தில் வைத்து, அப்பெட்டியை வீட்டார் உறங்கும் அறையிலேயே வைத்தல் வேண்டும். குட்டி முனகும்போது ஒரு கையைப் பெட்டிக்குள் நீட்டினாலே போதும். சில இரவுகள் கழிந்தபின், பெட்டியை நாளுக்குச் சிறிதாக நகர்த்தி, அது நிலையாகப் படுக்க வேண்டிய இடத்திற்குக் கொண்டுசெல்லலாம். பெரும்பாலான குட்டிகள் ஓரிரு வாரங்களில் அமைதியுற்றுவிடும்.

உறக்கத்துக்கு அடுத்தது உணவு. எட்டு வாரக் குட்டியின் வயிறு சிறியது, வளர்ச்சியோ விரைவானது. ஆகவே நாளொன்றுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாக உணவிடல் வேண்டும். நன்கு குழைந்த சோற்றோடு முள் நீக்கிய அவித்த மீன், முட்டை, சிறிது இறைச்சி ஆகியவற்றைப் பிசைந்து கொடுக்கலாம். முன்னைய வீட்டில் உண்டு பழகிய உணவைச் சடுதியாக மாற்றாமல், சில நாட்களிற் படிப்படியாக மாற்றுதல் நன்று. பசுப்பாலை நிறைய வார்த்துக் குட்டியைக் கொழுக்க வைக்கலாம் என்பது பலருடைய எண்ணம். பல குட்டிகளுக்கு அது வயிற்றோட்டத்தையே தருகின்றது. மிஞ்சிய கறிகளைச் சட்டியோடு வழித்து இடுவதும் தீது. காரத்தின் கேடு ஒருபுறமிருக்க, அக்கறிகளில் உள்ள வெங்காயம் நாயின் இரத்தத்திலுள்ள செங்கலங்களைச் சிதைக்கும் இயல்புடையது. சொக்கிலேற்றும் முந்திரிகைப் பழமும் நாய்க்கு நஞ்சாகும். சமைத்த கோழியெலும்பு கூராக முறிந்து குடலைக் கிழித்துவிடும். தெளிந்த நீர் மாத்திரம் எவ்வேளையும் கிடைக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசியதும், வீட்டுத் தாய்மார் முதலிற் கேட்கும் வினா, அசுத்தத்தைப் பற்றியதே. மெழுகிய தரையிலும் விரித்த பாயிலும் குட்டி நீர் விட்டுவிடுகின்றது. அதன் மூக்கைப் பிடித்து அந்த ஈரத்திலே தேய்த்தல் நெடுநாள் வழக்கம். அதனாற் குட்டி யாதொன்றையும் கற்பதில்லை. தான் செய்த செயலையும் அதற்கு விளைந்த பயனையும் நாய் பொருத்திப் பார்ப்பது, அவையிரண்டும் ஓரிரு கணங்களுள் அடுத்தடுத்து நிகழும்போது மாத்திரமே. கால் மணி கழித்துக் கிடைக்கும் தண்டனை அதற்குக் காரணமற்ற கொடுமையாகவே தோன்றும். எட்டு வாரக் குட்டியால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நீரை அடக்கவும் இயலாது. அதற்கேற்ற தசை வலிமை இன்னும் வந்திலது. எனவே, உறங்கி எழுந்தவுடனும், உண்டு முடித்தவுடனும், விளையாடிக் களைத்தவுடனும் அதனைத் தூக்கிச் சென்று முற்றத்தில் ஒரே இடத்தில் விடுதல் வேண்டும். அங்கே அது தன் கடனை முடித்த அக்கணமே, தலையைத் தடவி, ஒரு சிறு துண்டு மீனைக் கொடுத்துப் பாராட்டுதல் வேண்டும். இரவிலும் ஒரு முறையேனும் எழுந்து வெளியே கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவர் இவ்வாறு செய்ய, மற்றவர் தடியெடுத்தால், குட்டிக்கு ஒன்றும் விளங்காது. வீட்டார் யாவரும் ஒரே முறையைக் கைக்கொள்வதே பயன் தரும்.

கடித்தலும் இவ்வாறானதே. குட்டிக்கு 28 பாற்பற்கள் உண்டு. அவை ஊசிபோற் கூரியன. நான்கு மாதமளவில் அவை விழத் தொடங்கி, ஏழு மாதமாவதற்குள் நிலைப்பற்கள் 42 ஆகும். இக்கால முழுவதும் ஈறு ஊறலெடுக்கும். எதிர்ப்பட்டதைக் கடித்தே தீரும். செருப்பையும் பாடப்புத்தகத்தையும் உயரத்தில் வைத்துவிட்டு, முடிச்சிட்ட பழந்துணியொன்றைக் கொடுத்தல் எளிய வழி. சிறுவனுடைய கையைக் கடித்தால், அவன் கையை உதறிக்கொண்டு ஓடலாகாது. ஓடினால் அதனை விளையாட்டென்றே குட்டி கருதித் துரத்தும். அவன் அசையாது நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சற்று நேரம் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதை உடன்பிறந்த குட்டிகள் கற்பித்த அதே முறையில் அவனும் கற்பிக்கின்றான். குட்டி நாளொன்றில் 18 மணித்தியாலத்துக்கு மேலும் உறங்க வேண்டிய பருவத்தது. பிள்ளைகள் அதனை உறங்கவிடாது எழுப்பி விளையாடுவதனாலேயே பல வேளைகளில் வெறிகொண்டாற்போலக் கடிக்கின்றது என்பதையும் பெற்றோர் மறத்தலாகாது.

மேற்கூறியவை யாவும் வீட்டாரின் வசதியைப் பற்றியன. அவற்றினும் பெரியதொன்று உண்டு. காவலுக்கென்று வளர்க்கும் நாய் கடுமையானதாக இருத்தல் வேண்டும் என்று கருதி, குட்டியைப் பகல் முழுவதும் வளவின் பின்புறத்தே சங்கிலியிற் கட்டி வைக்கும் வழக்கம் நம்பிக்கையோடு கைக்கொள்ளப்படுகின்றது. அயலாரைக் காணாது வளர்ந்தால் அயலாரைக் கண்டு சீறும் என்பது அவ்வழக்கத்தின் உட்கருத்து. சீறும் என்பது மெய்யே. எதனாற் சீறுகின்றது என்பதே ஆராயத்தக்கது.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹாபர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில், ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் நாய்களின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1965 ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டனர். அங்கு நடைபெற்ற ஒரு சோதனையின் முடிவு 1961 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயர்ந்த வேலி சூழ்ந்த வெளிகளில், மனிதரைக் காணாதவாறு குட்டிகள் வளர்க்கப்பட்டன. சில குட்டிகளை இரண்டாவது வாரத்திலும், சிலவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய வாரங்களிலும் எடுத்து மனிதரோடு பழக்கினர். எஞ்சியவற்றைப் பதினான்காவது வாரத்திலேயே வெளியே எடுத்தனர். அதுவரை மனிதரை அறியாதிருந்த அக்குட்டிகள் மனிதரைக் கண்டு வெருண்டன. பின்னர் எவ்வளவு அன்பு காட்டியும் மற்றக் குட்டிகளைப் போல் அவை பழகவில்லை. ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை நாய்க்குட்டியின் உள்ளம் புதியனவற்றை ஏற்கத் திறந்திருக்கின்றது என்பதும், அதன்பின் புதியவை யாவும் அச்சத்தையே விளைவிக்கின்றன என்பதும் இவ்வாராய்ச்சிகளாற் புலனாயின.

எட்டாவது வாரத்தில் வீட்டுக்கு வந்த குட்டிக்கு இக்காலத்தில் எஞ்சியிருப்பவை நான்கைந்து வாரங்களே. அவ்வாரங்களைச் சங்கிலியிற் கழித்த நாய் வீரத்தினாற் குரைப்பதன்று, அச்சத்தினாற் குரைப்பது. அச்சங்கொண்ட நாய்க்குக் கள்வனும் ஒன்றே, கடிதம் கொண்டுவரும் தபாற்காரரும் ஒன்றே, படலையைத் திறந்து ஓடிவரும் அயல்வீட்டுச் சிறுமியும் ஒன்றே. வீட்டாரோடும் வெளியாரோடும் பழகி வளர்ந்த நாயோ, வழக்கமானது எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று வேறுபாடு காணக் கற்றுக்கொள்கின்றது. நல்ல காவலுக்கு வேண்டுவது அவ்வேறுபாட்டறிவே. ஆதலின், குடை பிடித்தவரையும், கோலூன்றிய முதியவரையும், பள்ளிச் சிறாரையும், முச்சக்கர வண்டியின் ஓசையையும், தூரத்தே வெடிக்கும் சீனவெடியையும், பூனையையும் ஆட்டையும் இக்குறுகிய காலத்துக்குள்ளே குட்டி அச்சமின்றிக் கண்டும் கேட்டும் பழகுதல் வேண்டும். வலிந்து இழுத்துச் செல்லாமல், அது தானாக அணுகுமாறு விடுதலே முறை.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். தடுப்பூசிகள் முடியுமுன் குட்டியை வெளியே கொண்டுசெல்வது தகுமா என்பதே அது. ஐயம் நியாயமானதே. 1978 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரசு, வாந்தியையும் இரத்தக் கழிச்சலையும் உண்டாக்கிக் குட்டிகளைச் சில நாட்களிற் கொன்றுவிடுவது. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் அது பல மாதம் அழியாது கிடக்கும். தாய்ப்பால் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் நிற்கும்வரை தடுப்பூசி முழுப்பயன் தராது. அச்சக்தி எந்நாளில் நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். இதனாலேயே, ஆறு அல்லது எட்டாவது வாரத்தில் முதலூசியை இட்டு, மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறையாகப் பதினாறாவது வாரம் வரை மிருக வைத்தியர் திரும்பத் திரும்ப ஊசியிடுகின்றார். அதுவரை உலகத்தைக் காட்டாதிருந்தால், உள்ளத்தின் கதவு அடைபட்டுவிடும். இரண்டுக்கும் இணக்கமான வழி, குட்டியைக் கையிலேந்திச் செல்வதே. சந்தியிலும் கடற்கரையிலும் தெருநாய் திரியும் மண்ணில் அதனை இறக்கிவிடாது, தோளில் வைத்துக்கொண்டே உலகத்தைக் காட்டலாம். விருந்தினரை வீட்டுக்கு அழைத்து, அவர் கையாலே உணவு கொடுப்பிக்கலாம்.

குடற்புழுவும் கவனிக்கப்பட வேண்டியது. நாயின் வட்டப்புழு தாயின் கருப்பையிலும் பாலிலும் குட்டிக்குத் தொற்றிவிடுவது. ஆகவே புழு மருந்தை மிகவிளமையிலேயே தொடங்கி, வைத்தியர் குறிக்கும் நாட்களில் தொடர்ந்து கொடுத்தல் வேண்டும். குட்டியோடு விளையாடிய பிள்ளை கை கழுவாது உண்டால், அப்புழுவின் முட்டை பிள்ளையின் வயிற்றையும் அடையும்; அதன் இளம்புழு சிலவேளை கண்ணையும் கெடுக்கும்.

இவையெல்லாவற்றிலும் கொடியது விசர்நாய்க்கடி நோய். 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆந் திகதி, விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாக ஊசியிட்டு உயிர் காத்த நாள் தொட்டு, இந்நோய் தடுக்கக்கூடிய நோயாயிற்று. ஆயினும் நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் அதனின்று பிழைத்தோர் மிக மிக அரியர். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி இட்டமையாலும், கடியுண்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை அளித்தமையாலும், அண்மை ஆண்டுகளில் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. எஞ்சிய அச்சாவுகளும் நிகழ வேண்டியவை அல்ல. நாய்க்குட்டிக்கு விசர் வாராது என்னும் தவறான எண்ணம் பலரிடம் உண்டு. விசருள்ள நாயாற் கடியுண்ட குட்டிக்கும் விசர் வரும். பாற்பல்லின் சிறு கீறலும் நோயைக் கொண்டுவரும். தெருவில் அநாதையாகக் கிடந்த குட்டியைத் தூக்கி வருவோர் இதனை முக்கியமாக மனத்திற் கொள்ளல் வேண்டும். குட்டி கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சளும் கோப்பித்தூளும் இதற்கு மருந்தல்ல. பயந்து மறைக்கும் பிள்ளையே பெரும் ஆபத்துக்குள்ளாகின்றது. ஆதலாற் கடித்ததை உடனே சொல்லும் பிள்ளையை ஏசுதல் கூடாது. குட்டிக்கு விசர்த் தடுப்பூசி இடவேண்டிய நாளை, மிருக வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குட்டி வந்த வாரத்திலேயே கேட்டறிந்து, அதன்பின் ஆண்டுதோறும் தவறாது இடுதல் வேண்டும்.

குட்டி வந்த மூன்றாவது வாரமளவில் வீட்டிற் சலிப்புத் தோன்றுவது இயல்பு. முதல் வாரத்துப் புதுமை போய்விட்டது; பழக்கமோ இன்னும் படிந்திலது. தாய் துடைத்துக் களைத்துவிட்டார்; தந்தை உறக்கமின்றி வாடுகின்றார்; சிறுவன் பந்தடிக்கப் போய்விட்டான். இதனை ஏன் கொண்டுவந்தோம் என்ற சொல் அப்போதுதான் பிறக்கின்றது. சந்தையின் பின்புறத்திலும், கோயில் வீதியிலும், மயானக் கரையிலும் விடப்பட்ட குட்டிகள் பல இச்சலிப்பின் விளைவாகவே அங்கு வந்தவை. பெட்டைக் குட்டிகளோ அச்சலிப்புக்கும் காத்திராமல், கண் விழிக்குமுன்பே சாக்கிற் கட்டி எறியப்படுகின்றன. தப்பியவை தெருநாய்களாகி, தடுப்பூசியின்றித் திரிந்து, இரண்டு மாதக் கருவைச் சுமந்து மீண்டும் தெருவிலேயே ஈனுகின்றன. வீட்டிலே தொடங்கிய அலட்சியம் ஊரின் நோயாகித் திரும்பி வருகின்றது. கருத்தடைச் சத்திரசிகிச்சை இக்காலத்திற் பல இடங்களிலும் செய்யப்படுகின்றமையாற் பெட்டைக் குட்டியை வளர்க்க எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது வாரத்துச் சலிப்பைக் கடந்த வீடுகள், கடமைகளைப் பகிர்ந்துகொண்ட வீடுகளே. காலையில் முற்றத்துக்குக் கொண்டுசெல்பவர் ஒருவர், உணவிடுபவர் ஒருவர், இரவில் எழுபவர் ஒருவர் என வகுத்துக்கொண்டால், பாரம் எவர்மேலும் தனித்து வீழ்வதில்லை. சிறுவனுக்கும் அவன் வயதுக்கேற்ற ஒரு கடமை இருத்தல் வேண்டும். நீர்ப்பாத்திரம் வெறுமையாகாது பார்த்தல் அவனுக்குப் போதும். தன்னிடம் வாய்திறந்து கேட்க இயலாத ஓருயிர் தன் நினைவை நம்பி வாழ்கின்றது என்பதை அப்பாத்திரம் அவனுக்கு நாள்தோறும் உணர்த்தும்.

நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. அத்தனை ஆண்டும் அது எத்தகைய நாயாக வாழும் என்பது, அது மிகத் தொல்லை தரும் சில வாரங்களிலேயே பெரும்பாலும் முடிவாகின்றது. அவ்வாரங்களில் அதற்கு வேண்டுவன விலையுயர்ந்த உணவோ, வலிய சங்கிலியோ அல்ல. வேளைக்கு வேளை ஒருவர் அருகிலிருத்தலும், நோவு செய்யாத கையும், உரிய நாளில் ஊசியுமே. இவற்றைக் கொடுக்க இயலுமா என்பதை, அயல்வீட்டுக்குச் சென்று குட்டியைத் தெரிவதற்கு முன்னரே வீட்டார் கூடியிருந்து எண்ணிப் பார்த்தல் நலம். இயலும் என்றால், குட்டி வரட்டும். இயலாதென்றால், அது தாயின் மடியில் இன்னும் சில நாள் கிடந்து, அதனை வளர்க்கக்கூடிய வேறொரு வீட்டுக்குச் செல்லட்டும்.